எல் கோப்பே, 2004: சாவு வருவதற்கு முன்பே தவளைகளை எண்ணி வைத்திருந்த காடு

பனாமாவின் நடுப்பகுதியில் கோக்லே மாகாணத்தில் எல் கோப்பே என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஊருக்கு மேலே மலையில் ஒரு தேசியப் பூங்கா. மேகம் இறங்கி வந்து மரங்களை நனைத்துக்கொண்டே இருக்கும் ஈரக்காடு, வெட்டுப்படாத காடு, நடுவில் தெளிந்த ஓடைகள். 2004 செப்டம்பர் கடைசியில் இங்கே ஒரு நோய் நுழைந்தது. அடுத்த நாலு மாதத்துக்குள் தவளைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. கொன்றது ஒரு பூஞ்சை. மரம் வெட்டவில்லை, ஓடையில் யாரும் விஷம் கலக்கவில்லை, காடு பார்வைக்கு அப்படியேதான் இருந்தது. ராத்திரிச் சத்தம் மட்டும் போய்விட்டது.

மத்திய அமெரிக்காவில் தவளைகள் இப்படிக் கூட்டமாகச் செத்தது எல் கோப்பேயில்தான் முதல்முறை என்றில்லை. அதற்கு முன்னால் பல மலைகளில் நடந்திருந்தது, பின்னாலும் நடந்தது. ஆனாலும் இந்தத் துறையில் யாரிடம் பேசினாலும் பேச்சு எல் கோப்பேக்கு வந்து சேரும். காரணம் எளிது. மற்ற இடங்களில் ஆராய்ச்சியாளர்கள் போய்ச் சேரும்போது தவளைகள் இல்லை, அல்லது செத்துக்கொண்டிருந்தன. இங்கே நோய் வருவதற்கு ஆறு வருடம் முன்பிருந்தே ஒரு குழு ஓடை ஓடையாக நடந்து உயிரோடு இருந்தவற்றை எண்ணி எழுதி வைத்திருந்தது. இந்த நிகழ்விலிருந்து நமக்குத் தெரியவந்த முக்கியமான விஷயங்கள் எல்லாமே அந்தப் பழைய குறிப்புகளை வைத்துத்தான் தெரியவந்தன என்பது என் கருத்து. அதனால் அதை நடுவில் வைத்தே முழுக்கதையையும் சொல்கிறேன்.

காணாமல் போனவை

கதை பக்கத்து நாடான கோஸ்டாரிகாவில் தொடங்குகிறது. மான்டேவெர்டே மலைமுகட்டில் மட்டுமே வாழ்ந்த பொன்தேரை, 1960களில்தான் அறிவியலுக்குத் தெரியவந்தது. ஆண் தேரை உடம்பு முழுக்கப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். வருடத்தில் சில வாரம் மட்டும், மழைக்காலத் தொடக்கத்தில், மர வேர்களுக்கு நடுவே தேங்கும் குட்டைகளில் கூட்டமாக வந்து இனப்பெருக்கம் செய்துவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும். 1987இல் தவளை ஆய்வாளர் மார்தா கிரம்ப் அங்கே 1,500-க்கும் மேற்பட்ட தேரைகளைப் பார்த்தார். மறுவருடம் அதே குட்டைகளுக்கு ஒரே ஒரு தேரைதான் வந்தது. 1989இலும் ஒன்று. அதற்குப் பிறகு இன்றுவரை யாரும் பார்த்ததாக உறுதியான பதிவு கிடையாது. 2004இல் அது அழிந்துபோன இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

1989இல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் தவளை, ஊர்வன ஆய்வாளர்களின் முதல் உலக மாநாடு நடந்தது. அங்கே கூடியவர்கள் பேசிக்கொண்டபோதுதான், ஆஸ்திரேலியா, மத்திய அமெரிக்கா, அமெரிக்காவின் மேற்கு மலைகள் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்களில் எல்லாம் தவளைகள் மறைந்துகொண்டிருப்பது தெரிந்தது. தனித்தனியாக ஒவ்வொருவரும் "இந்த வருஷம் மழை சரியில்லை போல" என்று நினைத்துக்கொண்டிருந்த விஷயம் அது. அப்புறம் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: புற ஊதாக் கதிர், பூச்சிக்கொல்லி, அமில மழை, வறட்சி. எதையும் நிரூபிக்கவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை. ஏனென்றால் கையில் உடல் இல்லை. வெப்பமண்டலக் காட்டில் செத்த தவளை தரையில் கிடக்கும் நேரம் மிகக் குறைவு. எறும்பு, நண்டு, ஈ, வெயில் எல்லாம் சேர்ந்து ஒரு நாளுக்குள் தடயமே இல்லாமல் செய்துவிடும். பல வருடம் காட்டில் வேலை பார்த்தவர்கள்கூட இயற்கையாகச் செத்த தவளை ஒன்றிரண்டைத்தான் பார்த்திருப்பார்கள்.

தவளை ஆய்வாளர் கேரன் லிப்ஸ் இந்தக் கதைக்குள் வருவது 1990களின் தொடக்கத்தில். பனாமா எல்லையை ஒட்டி, கோஸ்டாரிகாவின் லாஸ் தப்லாஸ் மலையில் ஒரு மரத்தவளையை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வு முடிவதற்குள் தவளைகள் போய்விட்டன. சரி, இங்கே இல்லையென்றால் வேறு இடம் என்று எல்லையைத் தாண்டி மேற்குப் பனாமாவின் ஃபோர்ட்டூனா மலைக்குப் போனார். 1996-97இல் அங்கேயும் அதுவே நடந்தது, ஆனால் இந்த முறை அவருக்கு உடல்கள் கிடைத்தன. ஓடைக்கரையில், பாறைமேல், தொட்டாலும் அசையாத தவளைகள். அவற்றை நோய்க்கூறு நிபுணர் ஏர்ல் கிரீனுக்கு அனுப்பினார்கள். உள்ளுறுப்புகளில் எதுவும் இல்லை. தோலின் மேலடுக்கில் மட்டும் உருண்டை உருண்டையாக ஏதோ ஒன்று இருந்தது.

ஏறக்குறைய அதே சமயத்தில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லீ பெர்கரும் ரிக் ஸ்பியரும் தங்கள் ஊர்த் தவளைகளின் தோலில் அதே உருண்டைகளைக் கண்டார்கள். இரண்டு கண்டங்களின் ஆட்களும் சேர்ந்து 1998இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இன்னொரு பக்கம் வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சிசாலையில் நீலநிற நச்சுத்தவளைகள் சில செத்தன. அவற்றின் தோலிலிருந்து மைன் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் லாங்கோர் அந்த உயிரியைத் தனியே பிரித்து வளர்த்தார். கைட்ரிட் என்ற பூஞ்சைக் குடும்பத்தை ஆழமாகப் படித்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான், அவர்களில் அவர் ஒருவர். கைட்ரிட்கள் குட்டையிலும் ஈரமண்ணிலும் மகரந்தத்தையும் மட்கும் இலையையும் பாசியையும் தின்று வாழ்பவை. முதுகெலும்புள்ள விலங்கைத் தாக்கி நோய் உண்டாக்கும் கைட்ரிட் என்று அதுவரை ஒன்றுகூடத் தெரியாது. 1999இல் அதற்குப் பெயர் வைத்தார்கள்: பாட்ராகோகைட்ரியம் டென்ட்ரோபாட்டிடிஸ். இனி பிடி (Bd) என்று சுருக்கிச் சொல்கிறேன், இந்த வேலையில் இருப்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கணிப்பும் காத்திருப்பும்

வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தால் ஒரு கோடு தெரிந்தது. மான்டேவெர்டே 1987-88, லாஸ் தப்லாஸ் 1990களின் முன்பகுதி, ஃபோர்ட்டூனா 1996. மலைத்தொடரோடு சேர்ந்து வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஏதோ ஒன்று நகர்ந்து வருகிறது. அப்படியானால் அடுத்தது எது? லிப்ஸ் அந்தக் கோட்டில் முன்னால் போய் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். அதுதான் எல் கோப்பே. 1998இல் எண்ணத் தொடங்கினார்கள்.

எண்ணுவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் விளக்குவதில்லை. ஓடையில் 200 மீட்டர் நீளத்தை அளந்து குறித்து வைத்துவிடுவார்கள். இருட்டிய பிறகு தலைவிளக்கோடு அந்த 200 மீட்டரை மெதுவாக நடப்பார்கள். கரையிலும் பாறையிலும் தண்ணீருக்கு மேல் தொங்கும் இலைகளிலும் கண்ணில் படும் ஒவ்வொரு தவளையையும், பல்லி போல வாலுள்ள அதன் உறவான சலமாண்டரையும் எழுதிக்கொள்வார்கள்: எந்த இனம், ஆணா பெண்ணா, எங்கே உட்கார்ந்திருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது. காட்டுப் பாதைகளிலும் இதே வேலை. அடுத்த முறை மறுபடி அதே 200 மீட்டர், மறுபடி அதே பாதை. வருடக்கணக்கில்.

நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தோல் மாதிரியும் எடுத்தார்கள். இப்போது உலகம் முழுக்க இதற்கு வழக்கமாகிவிட்ட முறை எளிமையானது: ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை, இல்லையென்றால் புது பிளாஸ்டிக் பை. கையைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைப் பிடிக்கக் கூடாது; பிடித்தால் நாமே நோயைப் பரப்புகிறவர்களாகிவிடுவோம். தவளையைத் திருப்பிப் பிடித்து, முனையில் பஞ்சுள்ள மெல்லிய குச்சியால் வயிற்றில், தொடையின் உள்பக்கத்தில், கால்விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வில் சில முறை அழுத்தி இழுப்பார்கள். குச்சியை ஒரு சின்னக் குழாய்க்குள் போட்டு, மூடி, எண் எழுதி, தவளையை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். ஆய்வகத்தில் அந்தப் பஞ்சிலிருந்து பிடியின் மரபணுத் துண்டைத் தேடுவார்கள். பூட்ஸையும் வலையையும் ஒவ்வோர் இடத்துக்கும் நடுவே ப்ளீச்சிங் கரைசலில் கழுவுவது இந்த வேலையில் கட்டாயம்.

2000ஆம் ஆண்டு முதல் 2004 ஜூலை வரை எல் கோப்பேயில் 1,500-க்கும் மேற்பட்ட விலங்குகளைச் சோதித்தார்கள். ஒன்றில்கூடப் பூஞ்சை இல்லை. அந்தச் சின்ன இடத்தில் 63 வகை நீர்நில வாழ்விகள் இருந்தன. தமிழ்நாட்டில் ஒரு மலைச்சரிவில் மழைக்காலத்தில் ராத்திரி நின்றால் எத்தனை குரல் கேட்கும் என்று தெரிந்தவர்களுக்கு 63 என்பது எவ்வளவு பெரிய செழிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பர் கடைசியில் எடுத்த மாதிரியில் முதன்முறையாக ஒரு தவளையில் பூஞ்சை இருந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் முதல் சாவு. அடுத்த வாரங்களில் குழுவினர் நடந்த அதே பாதைகளில், அதுவரை செத்த தவளையே பார்த்திராத பாதைகளில், உடல்களைப் பொறுக்கத் தொடங்கினார்கள். ஜனவரி நடுப்பகுதிக்குள் முந்நூறுக்கும் மேல். 38 இனங்கள். ஒரே குடும்பத்தையோ ஒரே வாழ்விடத்தையோ தாக்கும் நோயாக இது இல்லை. எட்டுக் குடும்பங்களைச் சேர்ந்த தவளைகளும் சலமாண்டர்களும் விழுந்தன. ஓடைக்கரையில் வாழ்பவை முதலில், அதிகமாக. செத்தவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தோல் நிறைய பிடி.

நோய் முற்றிய தவளையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். ராத்திரி மட்டும் நடமாடும் விலங்கு பட்டப்பகலில் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும். பின்னங்கால்களை மடக்கி வைக்காமல் பக்கவாட்டில் பரப்பிக் கிடக்கும். தோல் மெல்லிய தாளாக உரிந்து உடம்பில் ஒட்டியிருக்கும். மல்லாக்கப் போட்டால் திரும்பி எழாது. அந்த நிலைக்கு வந்தால் மிச்சம் சில மணி நேரம்தான்.

இந்த முடிவுகள் 2006இல் வெளியாயின. அதே வருடம் வேறொரு குழு, மான்டேவெர்டேயை ஆதாரமாக வைத்து, பருவநிலை சூடாவதுதான் பூஞ்சைக்கு வழி திறந்துவிட்டது என்று எழுதியது. பெரிய சண்டை நடந்தது. பருவநிலைக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்; பிடிக்கு 17 முதல் 25 டிகிரி வரையிலான குளிர்ச்சிதான் பிடிக்கும், 28 டிகிரிக்கு மேல் வளர்ச்சி நின்றுவிடும், அதனால் வெப்பநிலைக்குக் கட்டாயம் ஒரு பங்கு உண்டு, மலைக்காடுகளில் அழிவு கடுமையாக இருந்ததற்கும் அதுதான் காரணம். ஆனால் எல் கோப்பேயில் கண்ட வரிசை வேறு எதாலும் விளக்க முடியாதது: பல வருடம் பூஞ்சை இல்லை, தவளைகள் நலம், பூஞ்சை வந்தது, சில நாளில் சாவு. எப்போதும் இருந்த கிருமி திடீரென்று வீரியம் கொண்டது என்ற வாதம் இங்கே நிற்காது. வெறுமை என்று பதிவான அந்த ஆயிரத்தைந்நூறு மாதிரிகள்தான் அதைத் தீர்த்துவைத்தன. ஆய்வில் "ஒன்றும் கிடைக்கவில்லை" என்ற முடிவு இவ்வளவு மதிப்புப் பெற்ற சந்தர்ப்பம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

பழைய இடங்களுக்குச் சாட்சி பின்னால் வந்தது. 2011இல் டினா செங் குழுவினர் அருங்காட்சியகங்களில் பல வருடமாகச் சாராயத்தில் ஊறிக்கொண்டிருந்த தவளை, சலமாண்டர் மாதிரிகளின் தோலைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துச் சோதித்தார்கள். தெற்கு மெக்சிகோவில் 1970களிலும், குவாத்தமாலாவில் அதற்குப் பிறகும், மான்டேவெர்டேயில் 1987இலும் பிடி தென்பட்டது. பொன்தேரை கடைசியாகக் கூட்டமாக வந்த அதே வருடம்.

தோலில் நடப்பது

ஒரு தோல் நோய் எப்படி ஆளையே கொல்லும் என்று பல வருடம் யாருக்கும் புரியவில்லை. பிடி ரத்தத்துக்குள் போவதில்லை, உள்ளுறுப்பைத் தொடுவதில்லை.

பூஞ்சையின் வித்து 3 முதல் 5 மைக்ரோமீட்டர். ஒற்றை வால் உண்டு, தண்ணீரில் தானாக நீந்தும், ஆனால் இரண்டு சென்டிமீட்டர்கூடத் தாண்டாது. தவளையின் தோலில் பட்டதும் வாலை இழந்து உள்ளே நுழையும். நாலைந்து நாளில் அங்கே ஓர் உருண்டைப் பையாக வளர்ந்து, தோலின் மேற்பரப்பை நோக்கி ஒரு குழாயை நீட்டி, அதன் வழியாகப் புது வித்துகளைத் தண்ணீரில் விடும். அவற்றில் பல திரும்பவும் அதே தவளையைத்தான் தொற்றும். அதனால்தான் எண்ணிக்கை நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே போகிறது. கெரட்டின், அதாவது நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெட்டியான புரதம், உள்ள இடத்தில்தான் இது வளரும். தலைப்பிரட்டைக்குக் கெரட்டின் வாயில் மட்டும், ஆகவே தலைப்பிரட்டை பெரும்பாலும் சாவதில்லை; நோயைச் சுமந்துகொண்டு நீந்தும், தவளையாக மாறி உடம்பு முழுக்கத் தோல் கெட்டியாகும்போது பூஞ்சையும் உடம்பு முழுக்கப் பரவும்.

நமக்குத் தோல் ஒரு சட்டை மாதிரி என்றால் தவளைக்கு அது வாய், மூக்கு, சிறுநீரகம் மூன்றின் வேலையையும் சேர்ந்து செய்கிற உறுப்பு. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, வயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சில் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். சோடியம் போன்ற உப்புகளைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்வதும் தோல்தான். 2009இல் ஜேமி வாய்ல்ஸ் குழுவினர் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைகளில் இதை அளந்து காட்டினார்கள். நோயுற்ற தோலில் உப்புக் கடத்தல் பாதிக்கும் கீழே போயிருந்தது. ரத்தத்தில் சோடியம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது, பொட்டாசியம் பாதியாகியிருந்தது. அந்த அளவுக்குப் பொட்டாசியம் இறங்கினால் இதயம் நிற்கும். நின்றது. சாகும் தறுவாயில் இருந்த தவளைகளுக்கு வாய்வழியாக உப்புக் கரைசல் கொடுத்தபோது சில எழுந்து அசைந்தன, சில மணி நேரம் கூடுதலாக வாழ்ந்தன, பிறகு செத்தன. பூஞ்சை அப்படியே இருந்ததே. ஆனால் அந்தச் சில மணி நேரம் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

எங்கிருந்து கிளம்பியது

உலகம் முழுவதிலிருந்தும் சேர்த்த பிடி வகைகளின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வந்தது. பிடியின் மரபணு வேற்றுமை மிக அதிகமாக இருந்தது கிழக்காசியாவில், குறிப்பாகக் கொரியத் தீபகற்பத்தில். அங்குள்ள தவளைகள் அதோடு வாழப் பழகியவை. உலகைச் சுற்றிக் கொன்ற வகை கிளைபிரிந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி என்று கணக்கிட்டார்கள். உயிருள்ள தவளைகளைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றிச் செல்லும் வணிகம் பெருகிய காலம் அது: இறைச்சிக்கு, வளர்ப்புக்கு, ஆய்வகத்துக்கு, கர்ப்பப் பரிசோதனைக்குக்கூட. எல் கோப்பேக்கு அது எந்த வழியாக வந்தது என்பதை விட, இப்படிப்பட்ட வணிகத்தை இன்னும் சரியான நோய்ச் சோதனை இல்லாமல் நடத்துகிறோம் என்பதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது.

நம் பக்கத்திலும் பிடி இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளில் அது இருப்பது 2011இல் பதிவானது. அதற்குப் பிந்தைய ஆய்வுகளில் பரவல் குறைவாகவும் பூஞ்சையின் மரபணு வேற்றுமை அதிகமாகவும் தெரிந்தது. பனாமாவில் நடந்ததுபோன்ற கூட்டச்சாவு இங்கே பதிவாகவில்லை. நெடுங்காலமாகக் கூடவே இருக்கும் கிருமி என்பதற்கு ஒத்துப்போகும் நிலை இது. ஆனால் ஆசியாவிலிருந்து கிளம்பிய ஒன்று பல கண்டம் சுற்றி வேறு உருவில் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்தத் தகவலில் பதில் இல்லை.

தவளை போன பிறகு

எல் கோப்பேயில் எத்தனை இனம் போனது என்பதற்கு விடை 2010இல் வந்தது. ஆண்ட்ரூ கிராஃபோர்டு, லிப்ஸ், அப்போது பனாமாவில் ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்த எல்ட்ரெட்ஜ் பெர்மிங்ஹாம் மூவரும், நோய்க்கு முன்பும் பின்பும் சேகரித்த திசு மாதிரிகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். ஏற்கெனவே பெயர் வைத்திருந்த 63 இனங்களில் 25 காணவில்லை. அது மட்டுமில்லை, ஒரே இனம் என்று நினைத்திருந்த சில மாதிரிகள் மரபணுவில் வேறு வேறாக இருந்தன. அப்படி 11 புது இனங்கள் தெரியவந்தன. அவற்றில் ஐந்து அந்தக் காட்டிலிருந்து அதற்குள் போய்விட்டன. பெயர் வைப்பதற்கு முன்பே போன ஐந்து. மொத்தம் 30, அதாவது அங்கிருந்த வகைகளில் 41 சதவீதம். குளிர்பெட்டியில் ஒரு துளி திசு இல்லாமல் போயிருந்தால் அந்த ஐந்தும் இருந்ததாகவே யாருக்கும் தெரிந்திருக்காது.

ஓடையில் நடந்ததும் பதிவாகியிருக்கிறது. ரியோ குவாபால் என்ற ஓடையில் தலைப்பிரட்டைகள் கல்லின் மேல் படியும் பாசியையும் வண்டலையும் ஓயாமல் சுரண்டித் தின்றுகொண்டிருந்தவை. அவை மேய்ந்த கல் துலக்கி வைத்ததுபோல் இருக்கும். அவை போனதும் பாசி தடித்தது, மெல்லிய வண்டல் கல்மேல் தங்கியது, தண்ணீரில் நைட்ரஜன் சுழலும் வேகம் மாறியது. தலைப்பிரட்டை செய்த வேலையைப் பூச்சி இளம்புழுக்கள் எடுத்துக்கொள்ளும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். பெரிதாக அப்படி நடக்கவில்லை.

பாம்புக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. தவளை தேடிப் போன குழு, கண்ணில் பட்ட பாம்புகளையும் எழுதி வைத்திருந்தது. 2020இல் எலிஸ் ஜிப்கின் குழுவினர் அந்தக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். பாம்பு எப்போதும் அரிதாகவே கண்ணில் படும், பல இனங்கள் மொத்தத்திலேயே ஓரிரு முறைதான் பதிவாகியிருந்தன, அதனால் கணக்கு எளிதாக இல்லை. ஆனாலும் நோய்க்குப் பிறகு பாம்பு வகைகள் குறைந்துவிட்டன என்பதும், தவளையையும் அதன் முட்டையையும் தின்று வாழ்ந்த பாம்புகள் பல அடிபட்டன என்பதும், அளந்து பார்க்க முடிந்த சில இனங்கள் மெலிந்துபோயிருந்தன என்பதும் தெரிந்தது. பாம்புக்குப் பூஞ்சை வரவில்லை. சாப்பாடு போய்விட்டது, அவ்வளவுதான்.

தவளை போனதன் பாதிப்பு மனிதர்களையும் எட்டியது. தவளை அழிவு அலை கோஸ்டாரிகா, பனாமா முழுக்க எந்த வருடம் எந்தப் பகுதியைக் கடந்தது என்பதையும் அந்தந்தப் பகுதியின் மலேரியாக் கணக்கையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. அலை கடந்த பிறகு சில வருடங்களுக்கு ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவு வரை மலேரியா கூடியிருந்தது. தவளைகள் குறைந்தால் கொசு பெருகும் என்பது நியாயமான விளக்கம்தான், ஆனால் கொசுவை யாரும் அந்தச் சமயத்தில் எண்ணி வைக்கவில்லை. அதனால் நடுவில் ஒரு கண்ணி ஊகமாகவே நிற்கிறது.

தப்பியவை, தப்ப வைத்தவை

அலை எல் கோப்பேயோடு நிற்காது என்பது தெளிவு. சராசரியாக வருடத்துக்கு 28 கிலோமீட்டர் என்ற கணக்கில் அடுத்தது எல் வாயே தெ அந்தோன், பனாமாவின் தேசியச் சின்னமான பொன்தவளையின் ஊர். லாட்டரிச் சீட்டிலிருந்து கடைப்பலகை வரை அங்கே அதன் படம்தான். இரைச்சலான அருவி ஓரத்தில் குரல் எடுபடாது என்பதாலோ என்னவோ, முன்னங்காலைத் தூக்கி ஆட்டி மற்றதற்குச் சைகை காட்டும் விலங்கு. 2006இல் பூஞ்சை அங்கே போய்ச் சேர்ந்தது. எட்கார்டோ கிரிஃபித், ஹைடி ராஸ் இருவரும் காட்டிலிருந்து தவளைகளை எடுத்து வந்து, பாதுகாப்பு மையத்தின் கட்டடம் தயாராகாத நிலையில், ஊரிலிருந்த ஒரு ஹோட்டலின் அறைகளில் பிளாஸ்டிக் பெட்டிகளில் வைத்து வளர்த்தார்கள். தினமும் தண்ணீர் மாற்றி, பூச்சி பிடித்துப் போட்டு, நோயுற்றவற்றை இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தின் கரைசலில் தினம் சில நிமிடம் நனைத்து. அந்த மருந்து வேலை செய்கிறது. ஆனால் காட்டை மருந்தில் நனைக்க முடியாதே. வெளியே விட்டால் மறுபடி தொற்றும்.

அதற்கு முந்தைய வருடம் அதே பகுதியிலிருந்து அட்லாண்டாவுக்கும் தவளைகள் கொண்டுபோகப்பட்டன. அவற்றில் ஒன்று விரல் சவ்வு பெரிதான ஒரு மரத்தவளை. தந்தை தவளை மரப்பொந்தின் நீரில் உட்கார்ந்து தன் முதுகுத் தோலையே தலைப்பிரட்டைகளுக்கு உணவாகக் கொடுக்கும் இனம். 2008இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. அட்லாண்டா தாவரவியல் பூங்காவில் இருந்த கடைசி ஆண் 2016 செப்டம்பரில் செத்தது. பெயர் வைத்து எட்டு வருடம்.

தோலில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களை வைத்துப் பூஞ்சையைத் தடுக்கலாம் என்றும் முயன்றார்கள். ஊதா நிறப் பொருள் ஒன்றைச் சுரக்கும் ஜான்தினோபாக்டீரியம் என்ற பாக்டீரியா கலிஃபோர்னிய மலைத்தவளையில் நன்றாக வேலை செய்தது. பொன்தவளையில் அது தோலில் நீடித்துத் தங்கவில்லை. இன்னொரு சோதனையில், வேறு பாக்டீரியாக்களும் உதவவில்லை. ஆனால் பூஞ்சை கொடுத்தும் பிழைத்த சில பொன்தவளைகளின் தோலில், சோதனைக்கு முன்பிருந்தே வேறு மாதிரியான பாக்டீரியாக் கூட்டம் இருந்தது தெரிந்தது. வெளியிலிருந்து ஒன்றைப் பூசுவதை விட, பிழைத்தவற்றின் தோலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் சரியான வழி என்று அந்த முடிவைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

காட்டிலேயே பிழைத்தவையும் உண்டு. எல் கோப்பேயில் மரகதப் பச்சைக் கண்ணாடித் தவளை நோயைச் சுமந்துகொண்டே தாக்குப்பிடித்தது. போய்விட்டதாக நினைத்த சில இனங்கள் பனாமாவின் வேறு ஓடைகளில் சின்னக் கூட்டங்களாகத் திரும்பத் தென்பட்டன, பொன்தவளையின் நெருங்கிய உறவான அடெலோபஸ் வேரியஸ் உட்பட. பூஞ்சை வீரியம் இழந்துவிட்டதா? 2018இல் வாய்ல்ஸ் குழுவினர் இதை நேரடியாகச் சோதித்தார்கள். 2004இல் எல் கோப்பே சாவின்போது பிரித்து உறைய வைத்திருந்த பூஞ்சையையும், எட்டொன்பது வருடம் கழித்து எடுத்த பூஞ்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். பூஞ்சை மாறவில்லை, கொல்லும் திறன் குறையவில்லை. மாறியது தவளை. அழிவுக்குப் பின் காட்டில் பிழைத்திருந்த தவளைகளின் தோல் சுரப்பு, பூஞ்சையைத் தடுப்பதில் பழைய தவளைகளின் சுரப்பை விடத் திறமையாக இருந்தது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தப் "பழைய தவளைகள்" வேறு யாருமில்லை, நோய் வருவதற்கு முன் காட்டிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவரப்பட்டவையும் அவற்றின் வாரிசுகளும். அறைக்குள் பத்திரமாக வளர்ந்ததால் அவை பூஞ்சையைச் சந்திக்கவே இல்லை. ரொபேர்ட்டோ இபான்யெஸ் தலைமையில் பனாமாவின் காம்போவாவில் இயங்கும் மீட்புத் திட்டம் 2017இல் லிமோசா ஹார்லெகின் தவளைகளையும், 2018 ஜனவரியில் சுமார் 500 அடெலோபஸ் வேரியஸையும் காட்டில் விட்டது. சிலவற்றின் உடம்பில் சின்ன ரேடியோக் கருவிகள் கட்டிப் பின்தொடர்ந்தார்கள். வெளியே விட்டவை எவ்வளவு நாள் தாங்குகின்றன, எதனால் சாகின்றன என்று ஒவ்வொன்றாகக் குறிப்பதுதான் இப்போதைய வேலை. ஆஸ்திரேலியாவில் வேறொரு தவளைக்கு, வெயிலில் சூடாகும் செங்கல் அடுக்குகளைச் சின்னக் கூடாரத்துக்குள் வைத்து, 28 டிகிரிக்கு மேல் போய் உட்கார்ந்து தானே பூஞ்சையை எரித்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். அது 2024இல் வெளியான ஆய்வு. அந்தச் சூட்டில் ஒருமுறை குணமானவை அடுத்த தொற்றையும் நன்றாகத் தாங்கின. வெயில் எட்டாத பனாமா மேகக்காட்டில் செங்கல் சூடாகாது. ஆனால் நோயை ஒருமுறை லேசாகக் கண்டு மீண்ட தவளை அடுத்த முறை பிழைக்கிறது என்ற பகுதி இங்கேயும் பொருந்துமா என்று பார்க்கலாம். கூண்டில் பிறந்தவற்றை வெளியே விடுவதற்கு முன் அப்படிப் பழக்குவதா, அல்லது காட்டில் பிழைத்தவற்றோடு கலந்து இனப்பெருக்கம் செய்ய வைப்பதா? என்னைக் கேட்டால் இரண்டாவதை முதலில் செய்வேன், அதற்கு ஓடையில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை உயிர் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.